ஒரு பெயரும் பல எல்லைகளும்



கணக்குப் பாடத்தைச் சேர்ந்தது போலத் தோன்றும் ஒரு புதிரை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். 1931-ஆம் ஆண்டு எடுத்த ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவின் மக்கள் ஏறத்தாழ 35 கோடியே 28 லட்சம். 1941-இல் அத்தொகை ஏறத்தாழ 38 கோடியே 90 லட்சம். 1951-இலோ 36 கோடியே 11 லட்சம். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர் குறைந்திருக்கிறார்கள். இது எவ்வாறு நேர்ந்தது?

1943-இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று என்பது உண்மையே. ஆயினும் அந்தக் குறைவுக்குக் காரணம் பஞ்சமன்று, கொள்ளை நோயுமன்று. 1941-இல் ‘இந்தியா’ என்ற சொல் குறித்த நிலப்பரப்பு வேறு. 1951-இல் அதே சொல் குறித்த நிலப்பரப்பு வேறு. இடையே 1947-இல் நாடு பிரிந்தது. லாகூரும் டாக்காவும் கணக்கிலிருந்து நீங்கின. 1931-க்கும் 1941-க்கும் இடையிலும் இத்தகைய மாறுதல் ஒன்று உண்டு. முதற் கணக்கில் பர்மாவின் ஒரு கோடியே 46 லட்சம் மக்களும் சேர்ந்திருந்தனர். இரண்டாவதில் அவர்கள் இல்லை. ஆக, மூன்று அட்டவணைகளிலும் தலைப்பு ஒன்றே; நாடு மூன்று.

பெயர் நிலைத்து நிற்க, எல்லை நகர்ந்து செல்லும் இந்த விந்தையைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம். இதை அறியாமல் சரித்திர நூலைப் படிப்பவன், அளவுகோல் குறிக்காத படத்தை வைத்துக்கொண்டு தூரத்தை அளப்பவனுக்கு ஒப்பாவான்.

இப்பெயரின் பிறப்பிடம் ஓர் ஆறு. திபெத்தில் கைலாச மலைக்கு அருகே தோன்றி, லடாக்கின் வழியாக ஓடி, இன்றைய பாகிஸ்தானை நெடுக நனைத்து, அரபிக் கடலில் கலக்கும் சிந்து நதியே அது. ‘சிந்து’ என்பது ஆறு என்று பொருள்படும் வடசொல். அதுவே அப்பேராற்றின் சிறப்புப் பெயராகவும் ஆயிற்று. மேற்கே வாழ்ந்த பழம் பாரசீகர் நாவில் வடமொழியின் சகரம் பல இடங்களில் ஹகரமாக ஒலித்தது. ஆகவே அவர்களுக்குச் சிந்து ‘ஹிந்து’ ஆயிற்று. பாரசீகப் பேரரசன் தாரியஸ் கி. மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நதிப் பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். அவன் கல்வெட்டுகளில் வரும் மாகாணங்களின் வரிசையில் இப்பெயர் இடம் பெற்றிருக்கிறது. அங்கே அது ஒரு மதத்தின் பெயரன்று, மொழியின் பெயருமன்று, ஆற்றை ஒட்டிய ஒரு மாகாணத்தின் பெயர். அவ்வளவே.

பாரசீகரிடமிருந்து இச்சொல்லைக் கேட்ட ஆசிய மைனரின் கிரேக்கர் முன்னெழுத்தான ஹகரத்தையும் விட்டுவிட்டனர். ஆறு ‘இந்தோஸ்’ ஆயிற்று. அதைச் சார்ந்த நாடு ‘இந்திகே’ என்றும் ‘இந்தியா’ என்றும் வழங்கலாயிற்று. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரடோட்டஸ், இந்தியர் பாரசீக மன்னனுக்கு ஆண்டுதோறும் 360 தாலந்து பொற்றூள் திறையாகச் செலுத்தினர் என்று எழுதுகிறார். ஆனால் அவர் அறிந்த இந்தியாவுக்குக் கிழக்கே இருந்தது வெறும் மணற்பாலை. கங்கையை அவர் குறிப்பிடவில்லை, விந்தியத்தையும் குறிப்பிடவில்லை, நம் தென்னாட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டதற்கும் சான்றில்லை. ‘இந்தியா’ என்ற சொல் அன்று சிந்துவெளியைச் சுற்றிய ஒரு சிறு வட்டம்.

அந்த வட்டத்தை விரித்தவர்கள் படைவீரரும் தூதரும் வணிகருமாவர். கி. மு. 326-இல் அலெக்ஸாண்டர் பஞ்சாபுக்கு வந்தான். அவனுக்குப் பின், சந்திரகுப்த மௌரியனின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தைக் கண்டார். தெற்கே பாண்டிய நாட்டைப் பற்றியும் கேட்டறிந்தார். அவருடைய நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் பின்வந்தோர் எடுத்தாண்ட பகுதிகளிலிருந்து, அவர் காலத்தில் ‘இந்தியா’ என்பது இமயம் முதல் தென்கடல் வரையில் பரவிய நிலத்தைக் குறித்தது என அறிகிறோம். ஒரு மாகாணத்தின் பெயர் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் ஒரு பெருநிலத்தின் பெயராகிவிட்டது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இன்னும் ஒரு படி சென்றார். கங்கைக்கு இப்பாலுள்ள இந்தியா, கங்கைக்கு அப்பாலுள்ள இந்தியா என்று இரண்டாகப் பிரித்து, பர்மாவையும் மலாயாவையும் சேர்ந்த நிலங்களை இரண்டாவதில் அடக்கினார்.

இவை யாவும் பிறர் நமக்கு இட்ட பெயரின் கதை. நம்மவர் தம் நிலத்தை எவ்வாறு அழைத்துக்கொண்டனர்? அசோகனின் சிறு பாறைச் சாசனத்தில் ‘ஜம்புதீபம்’ என்ற பெயர் காணப்படுகிறது. ஜம்பு என்பது நாவல் மரம். மணிமேகலையில் வரும் ‘நாவலந்தீவு’ என்ற தமிழ்ப் பெயர் இதனோடு ஒத்த பொருளுடையது. ஆயினும் புராணங்களின் பூகோளத்தில் ஜம்புத்தீவு என்பது பெரியதொரு கண்டம். பாரதவர்ஷம் அதன் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே நாவலந்தீவு என்ற சொல்லும் இடத்திற்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் வழங்கியது.

‘பாரதம்’ என்ற பெயரும் அப்படியே. வேத காலத்தில் பரதர் என்போர் வடமேற்கில் வாழ்ந்த ஒரு குலத்தார். கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பாக் கல்வெட்டு ஏறத்தாழ கி. மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அவன் பாரதவர்ஷத்தின் மேல் படையெடுத்ததாக அது கூறுகிறது. அதே கல்வெட்டு தமிழ் நாட்டரசர்களின் கூட்டணியைத் தனியே குறிப்பிடுகிறது. கலிங்கத்திலிருந்து ஒருவன் பாரதவர்ஷத்தின் மேல் படையெடுத்துச் செல்லக்கூடுமானால், அச்சொல் அங்கே வடநாட்டை மட்டுமே குறித்தது என்பது தெளிவு. பிற்காலத்து விஷ்ணு புராணமோ, இமயத்துக்குத் தெற்கும் கடலுக்கு வடக்குமாகிய நிலம் முழுவதையும் பாரதம் என்று வரையறுக்கிறது.

மாணவர்களே, இங்கே ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். ‘இந்தியா’ வெளியார் வழங்கிய பெயர். ‘பாரதம்’ உள்ளூரார் வழங்கிய பெயர். ஒன்று ஆற்றிலிருந்து பிறந்தது. மற்றொன்று குலத்திலிருந்து பிறந்தது. ஆனால் இரண்டும் வடமேற்கில் ஒரு சிறு எல்லைக்குள் தோன்றி, நூற்றாண்டுதோறும் விரிந்து, முடிவில் மலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நிலத்தை நிரப்பின. இரு வேறு வழிகளில் வந்த பெயர்கள் ஒரே எல்லையில் வந்து நின்றதற்குக் காரணம், அந்த எல்லையை வகுத்தது மன்னனல்லன், இயற்கை.

சீனர் வழக்கையும் ஒரு சொல்லில் கூறிவிடலாம். அவர்களுடைய பழைய வரலாற்றில் ‘ஷெந்து’ என்று காண்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், வழங்கிவந்த பல வடிவங்களை ஆராய்ந்து ‘யிந்து’ என்பதே சரியென்று கொண்டார். அவர் ஐந்து இந்தியாக்களைப் பற்றிப் பேசுகிறார். காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அராபியரோ ‘சிந்து’ வேறு, ‘ஹிந்து’ வேறு என்று பிரித்தனர். 712-இல் அவர்கள் வென்ற ஆற்றுப்பகுதி முன்னது; அதற்குக் கிழக்கேயுள்ள பெருநாடு பின்னது. ஒரே ஆற்றின் பெயர் இரண்டு உச்சரிப்புகளால் இரண்டு நாடுகளின் பெயராகிவிட்டது. நம் சமையலறைப் புளியை அராபியர் ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் ‘தமர் ஹிந்தி’ என்றனர். அதுவே ஆங்கிலத்தில் ‘டாமரிண்ட்’ ஆயிற்று.

பாரசீக மொழியில் ‘ஹிந்துஸ்தான்’ என்ற சொல்லும் தோன்றியது. அதன் எல்லையும் ஒரே நிலையில் நின்றதன்று. சிலர் வாயில் அது நாடு முழுவதையும் குறித்தது. பலர் வாயில் வடநாட்டுச் சமவெளியை மட்டும் குறித்தது. தெற்கேயுள்ளதற்கு, தட்சிணம் என்ற சொல்லிலிருந்து வந்த ‘தக்காணம்’ என்ற தனிப் பெயர் இருந்தது. 1782-இல் நாட்டின் பெரும்படம் ஒன்றை வெளியிட்ட ஜேம்ஸ் ரென்னல் என்ற நில அளவை அறிஞர் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஐரோப்பியர் ஹிந்துஸ்தான் என்பதை இமயம் முதல் கடல் வரை விரித்து வழங்கினாலும், சரியாகப் பார்த்தால் அது 21 அல்லது 22 பாகை அட்சரேகைக்கு வடக்கேயுள்ள பகுதிக்கே உரியது என்று அவர் எழுதினார். படம் வரைபவன் தன் படத்தின் தலைப்பையே ஐயுற்று விளக்கம் எழுதியது போற்றத்தக்க நேர்மையாகும்.

பிறகு இப்பெயர் கப்பலேறியது. 1492-இல் மேற்கு நோக்கிச் சென்ற கொலம்பஸ், தாம் கண்ட தீவுகள் ஆசியாவைச் சேர்ந்தவை என்று எண்ணினார். அங்கிருந்த மக்களை இந்தியர் என்றார். எண்ணம் தவறு என்று பின்னர் வெளிப்பட்டது, பெயரோ போகவில்லை. அத்தீவுகள் இன்றும் மேற்கிந்தியத் தீவுகளே. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா சென்ற வான்கோழியைப் பிரெஞ்சுக்காரர் ‘இந்தியக் கோழி’ என்று அழைத்து, அப்பெயரின் சுருக்கத்தையே இன்றுவரை வழங்குகின்றனர். கிழக்கே சாவகம், சுமத்திரா முதலிய தீவுகள் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளாயின. ‘இந்தோனேஷியா’ என்ற சொல்லும், இந்தியா என்ற பெயரோடு தீவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆக்கப்பட்டதே. போர்த்துகீசியர் கோவாவிலிருந்து நடத்திய ‘இந்திய ராஜ்ய’த்தில் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் மொஸாம்பிக்கும் மலாயாவின் மலாக்காவும் அடங்கியிருந்தன.

இவ்வளவு தொலைவு போகவேண்டா. 1750-ஆம் ஆண்டளவில் ஒரு பயணி சென்னையிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்திருந்தால், சென்னையில் ஆங்கிலக் கம்பெனியாரையும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரையும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரரையும், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரரையும் கண்டிருப்பான். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுக் கடிதங்களில் எழுதிய ‘இந்தியா’ வெவ்வேறு. ஆனால் அவனுடைய காலடியில் இருந்தது ஒரே சோழமண்டலக் கரை.

ஆங்கில ஆட்சி நிலைபெற்ற பின், பெயருக்குச் சட்டம் பொருள் கூறத் தொடங்கியது. 1889-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ‘பிரிட்டிஷ் இந்தியா’, ‘இந்தியா’ என்ற இரண்டுக்கும் வேற்றுமை கூறிற்று. நேராக ஆங்கிலேயர் ஆண்ட மாகாணங்கள் முன்னது. அவற்றோடு, அவர்கள் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட சுதேச மன்னர்களின் நாடுகளையும் சேர்த்தால் பின்னது. ஆகவே திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சென்றவர் பிரிட்டிஷ் இந்தியாவை விட்டு நீங்கினார். இந்தியாவை விட்டு நீங்கவில்லை. பர்மாவோ ஒரு மாகாணமாக இந்தியாவில் சேர்ந்திருந்தது. 1937 ஏப்ரல் 1-இல் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இரங்கூனில் தொழில் செய்த நம் தமிழர் உள்நாட்டிலேயே இருந்தனர். அந்நாளுக்குப் பின் அதே கடையில், அதே தெருவில், அயல் நாட்டினராயினர். மாறாக, பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கை 1802 முதல் தனிக் குடியேற்ற நாடாக ஆளப்பட்டமையால், இவ்வளவு அருகில் இருந்தும் சட்டத்தின் ‘இந்தியா’வில் சேரவில்லை. தூரம் வேறு, சட்டம் வேறு.

இப்பெயர் ஒரு வாதப் பொருளாகவும் ஆயிற்று. ஜான் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கில அதிகாரி 1888-இல் வெளியிட்ட நூலில், இந்தியா என்றொரு நாடு இல்லை, என்றும் இருந்ததில்லை என்ற கருத்தைக் கூறினார். பெயர் வெளியாரால் வந்தது. உள்ளே இருப்பன பல நாடுகள். ஆதலால் தன்னாட்சி கேட்க ‘இந்தியர்’ என்று ஒருவரும் இல்லை என்பது அத்தகைய வாதத்தின் முடிவு. இதற்கு விடையாக அமைந்தது ராதா குமுத முகர்ஜி 1914-இல் வெளியிட்ட நூல். தீர்த்த யாத்திரைத் தலங்கள் நாட்டின் நான்கு மூலைகளிலும் அமைந்திருப்பதும், வழிபாட்டில் ஏழு நதிகளைச் சேர்த்து நினைப்பதும், ஒரே நிலம் என்ற உணர்ச்சி தொன்மையானது என்பதற்குச் சான்று என்று அவர் காட்டினார். இவ்வாறு ஒரு பெயரின் பூகோளப் பொருள் என்ன என்ற கேள்வி, கோடிக்கணக்கான மக்களின் உரிமையைத் தொட்டு நின்றது. பெயர் ஆராய்ச்சி வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

1947-இல் ஒன்று இரண்டாயிற்று. ‘பாகிஸ்தான்’ என்ற சொல் 1933-இல் ரஹமத் அலி வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் தோன்றியது. புதிய நாடு அப்பெயரை ஏற்றது. மற்றது ‘இந்தியா’ என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஜின்னா அவ்வாண்டே இதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியா பழைய உறுப்பினராகவே தொடர்ந்தது; பாகிஸ்தான் 1947 செப்டம்பர் 30-இல் புதிய உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. பெயரைத் தந்த ஆற்றின் பெரும்பகுதி பெயரைத் துறந்த நாட்டில் ஓடுகிறது. சரித்திரத்தில் இத்தகைய முரண்பாடுகள் உண்டு; அவற்றைக் கண்டு நகைப்பதும் வேண்டா, சினப்பதும் வேண்டா.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் பெயரைப் பற்றி வாதம் நிகழ்ந்தது. 1949 செப்டம்பர் 18-இல், ‘பாரதம்’ என்பதை முன்னே வைக்கவேண்டும் என்று எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவாக 38 பேரும் எதிராக 51 பேரும் வாக்களித்தனர். முடிவில் டாக்டர் அம்பேத்கர் முன்மொழிந்தவாறு, இந்தியா அதாவது பாரதம் என்று இரு பெயர்களும் முதல் விதியில் அமைந்தன. ஆற்றின் பெயரும் குலத்தின் பெயரும் ஒரே வாக்கியத்தில் அருகருகே அமர்ந்தன.

அவ்வாறாயின், மலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள முழு நிலத்தையும் இன்று என்ன பெயரால் அழைப்பது? ‘இந்தியத் துணைக்கண்டம்’ என்பது பூகோளத்தார் வழக்கு. பழைய பாடநூல்களில் ‘உபகண்டம்’ என்று காண்பீர்கள். இது அரசியற் பெயரன்று. நில அமைப்பின் பெயர். பழம்பெரும் கோண்டுவானா நிலத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த நிலத்தட்டு, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. அம்மோதலில் எழுந்ததே இமயம். அத்தட்டு இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. இந்தியா, பாகிஸ்தான், 1971-இல் பிறந்த வங்காளதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு ஆகியவை பொதுவாக இப்பெயருள் அடக்கப்படுகின்றன. பரப்பு ஏறத்தாழ 44 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் இந்தியக் குடியரசின் பங்கு ஏறத்தாழ 33 லட்சம். அண்டை நாட்டாருள் சிலர், ‘இந்திய’ என்ற அடைமொழி ஒரு நாட்டுக்கே உரியதுபோல் ஒலிப்பதால், ‘தெற்காசியா’ என்பதையே விரும்புவர். 1985-இல் டாக்காவில் ஏழு நாடுகள் கூடி அமைத்த கூட்டமைப்பு அப்பெயரையே கொண்டது. 2007-இல் ஆப்கானிஸ்தானும் அதில் சேர்ந்தது. ஆகவே ‘தெற்காசியா’வின் எல்லையும் நகராமல் இல்லை!

இனி, இவற்றால் மாணவர் பெறவேண்டிய பயன் யாது? நூலில் ‘இந்தியா’ என்ற சொல்லைக் கண்டவுடன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொல்பவர் யார்? சொன்ன ஆண்டு எது? அவர் கருதிய எல்லை எதுவரை? இம்மூன்றும் தெரியாமல் எந்தப் புள்ளிவிவரத்தையும் ஒப்பிடாதீர்கள். எந்தப் பெருமையையும் பேசாதீர்கள். எந்தப் பழியையும் சுமத்தாதீர்கள்.

இரண்டு பிழைகளை விலக்குவது முக்கியம். பழைய நூலின் இந்தியாவே இன்றைய குடியரசு என்று கொள்வது ஒரு பிழை. மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் தட்சசீலமும் இன்று பாகிஸ்தானில் உள்ளன. புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில் உள்ளது. இவற்றை நம் பாடநூலில் படிக்க நமக்கு உரிமை உண்டு; லாகூரிலும் காட்மண்டுவிலும் படிக்கும் மாணவனுக்கும் அதே உரிமை உண்டு. பாட்டனின் வீட்டைப் பேரர்கள் பங்கிட்டுக்கொண்டாலும், பாட்டன் எல்லார்க்கும் பாட்டனே. பெயரின் எல்லை மாறிக்கொண்டே வந்ததால் அதற்குப் பொருளே இல்லை என்று கொள்வது மற்றொரு பிழை. காவிரி தன் வாய்க்கால்களை மாற்றிக்கொண்டது உண்டு; அதனால் காவிரி இல்லை என்று எவரும் கூறார்.

பெயர்கள் எல்லைக் கற்கள் அல்ல. அவை ஓடும் ஆறுகள். அவற்றின் கரை எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று பார்த்துச் சொல்வதே சரித்திர மாணவனின் கடமை.